ஊமைப் படத்தை ஊர் ஊராய்க் காட்டிய கோவைக்காரர்
(சாமிக்கண்ணு வின்சென்ட் வரலாறு)

இவ்வாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி தமிழம்மா எங்களைப் பணித்தார்கள். எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். இறுதியில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததும், சினிமாக்காரர் வரலாறா பள்ளி மலரில் வருவது என்று மலர்க்குழுவின் பொறுப்பாளரான அருட்சகோதரி கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார்கள். வீட்டிலும் அதே கேள்விதான். அவர் முதன்முதலாக மக்களுக்குக் காட்டியது ஆண்டவர் இயேசுவின் வாழ்க்கைப் படம் என்று நாங்கள் பணிவோடு சொன்ன பிறகே சகோதரி கண்ணாடியை மீண்டும் மாட்டிக் கொண்டு, சரி, எழுதுங்கள், ஆனால் உண்மையை மட்டும் எழுதுங்கள் என்றார்கள். ஆகவே உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே எழுதியிருக்கிறோம். எங்கள் ஊகம் எங்கே வருகிறதோ அங்கே ஊகம் என்றே குறித்திருக்கிறோம்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் பிறந்தவர். சூலூரிலிருந்து திருச்சி சாலையில் பஸ் ஏறினால் ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர், இராமநாதபுரம் தாண்டிச் சென்று சேரும் அதே கோவைதான். ஆனால் அன்றைய கோவையை நாம் மனக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் 1888 இல் வந்தது. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததோ 1930களில். வின்சென்ட் சிறுவனாக ஓடி விளையாடிய தெருக்களில் பொழுது சாய்ந்தால் எண்ணெய் விளக்குதான்.

வளர்ந்ததும் அவர் திருச்சிக்குச் சென்றார். அங்கே பொன்மலையில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் எழுதும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 25 ரூபாய். அக்காலத்தில் அது குறைந்த சம்பளமன்று. வெள்ளைக்கார ரயில்வேயில் உத்தியோகம் என்றால் பெண் கொடுக்க முன்வருவார்கள் என்று எங்களில் ஒருத்தியின் அமுச்சி சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார்கள்.

இவர் பொன்மலையில் கோடு போட்டுக் கொண்டிருந்த காலத்தில் உலகத்தில் ஒரு புதுமை பரவிக் கொண்டிருந்தது. பிரான்சு நாட்டில் லூமியே சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 இல் பாரிஸ் நகரில் அசையும் படத்தைக் காசு வாங்கிக் கொண்டு மக்களுக்குக் காட்டினர். ஏழு மாதம் கூட நிறைவடையாத நிலையில், 1896 ஜூலை 7 ஆம் நாள் அது பம்பாய் வாட்ஸன் ஓட்டலுக்கு வந்துவிட்டது. பெட்டியும் படச்சுருளும் கையிலிருந்தால் போதும், எந்த ஊரிலும் காட்டலாம் என்பதால் வெளிநாட்டார் சிலர் அவற்றைச் சுமந்து கொண்டு நாடு சுற்றத் தொடங்கினர். அவர்களில் ஒருவர் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரர்.

டூபான் 1905 இல் திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் நோயுற்றார். மேற்கொண்டு பயணம் செய்ய முடியாது, ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிலையில், படம் காட்டும் கருவியையும் தம்மிடமிருந்த படச்சுருள்களையும் விற்றுவிட முடிவு செய்தார். வாங்குவதற்கு முன்வந்தவர் நம் வின்சென்ட். அப்போது அவருக்கு வயது 22.

விலை 2,000 ரூபாய்க்கு மேல். இந்த இடத்தில் நாங்கள் கணக்கு நோட்டை எடுத்தோம். மாதம் 25 ரூபாய் சம்பளத்தில் ஒரு காசும் செலவழிக்காமல், சோறு உண்ணாமல், துணி எடுக்காமல் சேர்த்தாலும் 2,000 ரூபாய் சேர 80 மாதங்கள் ஆகும். அதாவது ஆறு ஆண்டும் எட்டு மாதமும். அத்தனை பணத்தையும் எப்படியோ புரட்டி, ஒரு பெட்டியிலும் சில தகர டப்பாக்களிலும் போட்டார். வேலையையும் விட்டார். கருவி பழுதானால் பழுது பார்ப்பவர் எவருமில்லை. படச்சுருள் தீப்பற்றினால் நொடியில் எரிந்து போகும், ஏனெனில் அக்காலச் சுருள்கள் பஞ்சு மருந்து போல் எரியும் பொருளால் செய்யப்பட்டவை. எங்கள் வீட்டில் யாரேனும் அரசாங்க வேலையை விட்டுவிட்டு இப்படி ஒரு பெட்டியோடு வந்து நின்றால் என்ன நடக்கும் என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். எழுத வேண்டாம், படிப்பவர்களுக்கே தெரியும்.

டூபானிடமிருந்து வாங்கிய படங்களில் முதன்மையானது இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கை. அதைத்தான் அவர் திருச்சியில் காட்டித் தம் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில் கிறிஸ்துவின் வாழ்வைப் பல நிறுவனங்கள் படமாக எடுத்தன. பிரான்சின் பாதே நிறுவனம் எடுத்தது அவற்றுள் புகழ் பெற்றது. பிறப்பு முதல் விண்ணேற்பு வரை தனித்தனிக் காட்சிகளாக, நம் கோயிலில் மாட்டியிருக்கும் சிலுவைப்பாதைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்று எழுந்ததுபோல் அது இருக்கும். அதன் சில பிரதிகளுக்கு வண்ணமும் உண்டு. வண்ணம் என்றால் இன்றைய வண்ணப்படம் போன்றதன்று. பாதே பட்டறையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொரு சிறு படத்துக்கும் அச்சு வெட்டி, ஆடைக்கொரு நிறம், வானத்துக்கொரு நிறம் என்று தீட்டுவார்களாம். ஓர் அடி நீளச் சுருளில் 16 சிறு படங்கள். ஆயிரம் அடிச் சுருளுக்கு 16,000 படங்கள். நாங்கள் தையல் வகுப்பில் ஒரு கைக்குட்டைக்குப் பூ வேலை செய்து முடிக்க ஒரு பருவம் எடுத்துக் கொள்கிறோம். திரைப்பட வரலாற்றில் இந்தப் பெண்கள் பலருடைய பெயர் எங்கும் இல்லை.

இதே போன்றதொரு கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பம்பாயில் சில ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் பார்த்தார். அவர் தாதாசாகேப் பால்கே. பெத்லகேமையும் கல்வாரியையும் திரையில் பார்த்துக் கொண்டிருந்த அவர் மனத்தில் கண்ணனும் இராமனும் இப்படித் திரையில் வர மாட்டார்களா என்ற எண்ணம் எழுந்தது. அதன் பயனாக 1913 இல் ராஜா ஹரிச்சந்திரா என்னும் முழுநீள இந்தியப் படம் பிறந்தது. ஆண்டவரின் பாடுகளைச் சொன்ன படம் வடக்கே ஒருவரைப் படம் எடுக்கச் செய்தது, தெற்கே ஒருவர் கையில் படம் காட்டும் தொழிலைக் கொடுத்தது என்பது எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. இந்தச் செய்தியைச் சொன்னபோது சகோதரியும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

வின்சென்ட் திருச்சியோடு நிற்கவில்லை. கொட்டகைத் துணி, கம்பம், கயிறு, கருவி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டு புறப்பட்டார். மலபாருக்குச் சென்றார். கோழிக்கோட்டில் 1906 இல் படம் காட்டினார். திருச்சூரில் காட்டூக்காரன் ஜோசப் என்பவர் இவரிடமிருந்து ஒரு கருவியை வாங்கித் தாமும் படம் காட்டத் தொடங்கினார். இன்றைய கேரளத்தின் திரையரங்கு வரலாறு அவரிலிருந்து தொடங்குகிறது. பிறகு வடக்கே பம்பாய், லட்சுமணபுரி, லாகூர், பெஷாவர் என்று வின்சென்டின் பயணம் நீண்டது. பெஷாவர் என்றால் எங்கோ எல்லைப்புறம். வரைபடத்தில் நாங்கள் நூல் வைத்து அளந்து பார்த்தோம். கன்னியாகுமரியிலிருந்து தொடங்கும் நூல் இந்தியாவைத் தாண்டி இன்றைய பாகிஸ்தானுக்குள் போய் நின்றது. மொழி தெரியாத ஊரில் எப்படித் தொழில் செய்தார் என்று கேட்கத் தோன்றும். படம் ஊமை அல்லவா! ஊமைப் படத்துக்கு எந்த ஊரும் சொந்த ஊர்தான்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பதால் எந்த வண்டி எங்கே நிற்கும், சரக்கை எப்படி ஏற்றுவது இறக்குவது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலையாக இருந்திருக்கும். இது எங்கள் ஊகம்.

1909 இல் அவர் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடு பகுதியில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்.

கூடாரப் படக்காட்சி எப்படி இருந்தது என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது வெறும் கதை. ஆனால் எங்கள் அமுச்சிமார்களும் அப்பாருமார்களும் டூரிங் டாக்கீஸ் பார்த்தவர்கள். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்ததையும், பின்னால் இருப்பவர் கோபித்து அதைக் காலால் தட்டிச் சரித்ததையும் அவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த டூரிங் டாக்கீசுக்கெல்லாம் முன்னோடி வின்சென்ட் காலத்துக் கூடாரம்.

பகலில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, கொட்டு முழக்கி, தெருத் தெருவாக நோட்டீசு போடுவார்கள். பிள்ளைகள் வண்டியின் பின்னால் ஓடுவார்கள். பொழுது சாய்ந்ததும் கூடாரத்தில் கூட்டம் சேரும். மின்சாரம் இல்லாத இடத்தில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சி அதில் எழும் வெண்மையான ஒளியைப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். மோட்டார் இல்லாததால் கருவியைக் கையால்தான் சுற்ற வேண்டும். நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள், அதாவது ஓர் அடி நீளம் ஓட வேண்டும். வேகமாகச் சுற்றினால் திரையில் எல்லாரும் ஓடுவார்கள். மெதுவாகச் சுற்றினால் சவ ஊர்வலம்தான். ஆயிரம் அடிச் சுருள் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். பெரும்பாலும் ஒரே கருவிதான் இருக்கும் என்பதால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் நிறுத்தி அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்பனையாகும்.

படத்தில் பேச்சு இல்லையே தவிரக் கூடாரத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கொண்டு உரத்த குரலில் கதை சொல்வார். நடுவில் வரும் ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். ஆகவே சொல்பவர் சொன்னதுதான் கதை. திரையில் வெள்ளைக்காரத் துரை கத்தி சுழற்றும்போது இங்கே நம்மூர் வீரனின் வசனம் முழங்கும். சண்டை வந்தால் கொட்டு வேகமாக முழங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிவாளிகளோடு ஒரே தரையில் அமர்ந்து ஒரே காட்சியைப் பார்த்தார்கள் என்பது, நாடகக் கச்சேரிகளுக்குக் கூட எல்லாரும் போக முடியாதிருந்த அந்தக் காலத்தில் சிறிய செய்தியன்று.

இப்படி ஒன்பது ஆண்டுகள் சுற்றிய பிறகு வின்சென்ட் பிறந்த ஊருக்குத் திரும்பினார். 1914 இல் கோவை ரயில் நிலையத்துக்கு அருகே நிலையான ஒரு திரைப்படக் கொட்டகையை எழுப்பினார். அதற்கு வெரைட்டி ஹால் என்று பெயரிட்டார். அப்போது அவருக்கு 31 வயது.

தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு இதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். சென்னையில் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் 1913 இல் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கியிருக்கிறார். ரகுபதி வெங்கையா அவர்களின் கெயிட்டியும் 1914 இல் சென்னையில் எழுந்தது. யார் முதல் என்று எங்கள் வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. எங்களுக்கு அந்தப் பட்டம் வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. தலைநகரத்தில், கவர்னர் இருக்கும் ஊரில் கொட்டகை கட்டுவது ஒன்று. பஞ்சு மூட்டை வண்டிகள் புழுதி கிளப்பும் கோவையில் துணிந்து கட்டுவது இன்னொன்று. இரண்டாவதே அரிது என்பது எங்கள் கட்சி.

கொட்டகைக்கு மின்சாரம் வேண்டும். ஊரிலோ மின்சாரம் இல்லை. ஆகவே வின்சென்ட் எஞ்சின் வைத்துத் தாமே மின்சாரம் உண்டாக்கினார். எரியும் விளக்கைப் பார்ப்பதற்கே ஆட்கள் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். அந்த மின்சாரத்தைப் படம் காட்டுவதோடு அவர் நிறுத்தவில்லை. அச்சகம் ஒன்றையும் மாவு அரைக்கும் ஆலையையும் மின்சாரத்தால் நடத்தினார். படம் இரவில் ஓடும், எஞ்சினோ பகலில் சும்மா கிடக்கும். அதைச் சும்மா விடாமல் வேலை வாங்கியது நம் கொங்கு நாட்டுச் சிக்கனம் என்றே சொல்ல வேண்டும். பிரெஞ்சு பாதே நிறுவனத்தின் கருவிகளுக்கு அவர் ஏஜெண்டாகவும் இருந்தார். அவரைப் பார்த்துக் கொட்டகைத் தொழிலுக்கு வந்தவர் பலர்.

அந்நாளில் கொட்டகைகளில் என்ன படம் ஓடியது என்று கேட்டால், நம் நாட்டுப் படங்கள் குறைவு, அமெரிக்கப் படங்களே மிகுதி. சென்னையில் நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ வைத்துக் கீசக வதம் என்னும் ஊமைப் படத்தை எடுத்தார். தமிழ்நாட்டில் எடுத்த முதல் கதைப் படம் அது. பின்னர் வேறு சிலரும் எடுத்தனர். ஆனால் வாரந்தோறும் புதுப்படம் கேட்கும் கொட்டகைகளுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்தப் பசியை ஆற்றியவை ஹாலிவுட் ஸ்டூடியோக்கள். அவற்றில் யூனிவர்சல் என்னும் நிறுவனத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

யூனிவர்சலைத் தொடங்கியவர் கார்ல் லெம்லே என்னும் ஜெர்மானியர். ஏழையாக அமெரிக்காவுக்குக் குடியேறியவர். வின்சென்டைப் போலவே இவரும் முதலில் படம் காட்டும் கொட்டகைக்காரர்தான். 1915 மார்ச் 15 இல் கலிபோர்னியாவில் யூனிவர்சல் நகரம் என்று படம் எடுப்பதற்காகவே ஓர் ஊரைத் திறந்தார். அந்த இடம் முன்பு கோழிப் பண்ணையாக இருந்ததாம். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் படம் எடுப்பதை வேடிக்கை பார்க்கலாம் என்று அனுமதித்தார். ஊமைப் படம் என்பதால் வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டினாலும் கூச்சலிட்டாலும் படத்தில் பதியாது!

அங்கே தொடர்படங்கள் எடுத்தார்கள். ஒரே கதையைப் பதினைந்து இருபது பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கதாநாயகனை மலை உச்சியில் தொங்கவிட்டு விடுவார்கள். பிழைத்தானா இல்லையா என்று அறிய அடுத்த வாரம் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். இந்தப் படங்களில் வந்த எடி போலோ என்னும் சர்க்கஸ் வீரர் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் பெரும் புகழ் பெற்றார். எல்மோ லிங்கன் என்பவரும் அப்படியே. கட்டை வண்டியில் வந்து இறங்கிய குடியானவர்கள் எடி போலோவுக்குக் கைதட்டினார்கள் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அவர்களுக்கு அமெரிக்கா எங்கிருக்கிறது என்பது தெரியாது, எடி போலோவைத் தெரியும்.

எங்களை யூனிவர்சலில் மிகவும் கவர்ந்தவர் எடி போலோ அல்லர். அங்கே படங்களை இயக்கிய லோயிஸ் வெபர் என்னும் அம்மையார். இளமையில் ஏழைகள் வாழும் தெருக்களில் இசைத்துப் பாடி இறைப்பணி செய்தவர். பிறகு படத்துறைக்கு வந்து, சமூகக் கேடுகளைக் கண்டிக்கும் படங்களை எடுத்தார். 1916 அளவில் ஹாலிவுட்டில் மிக உயர்ந்த சம்பளம் பெற்ற இயக்குநர்களில் ஒருவராக விளங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை அமெரிக்கா முழுவதற்கும் வந்தது 1920 இல்தான். வாக்குரிமை இல்லாத நாளில் ஒரு பெண் ஸ்டூடியோவில் அத்தனை ஆண்களுக்கு உத்தரவிட்டுக் கொண்டிருந்தார் என்றால் அவரைப் பற்றி இன்னொரு கட்டுரையே எழுதலாம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகள் எழுதுவார்களாக.

வின்சென்டிடம் திரும்புவோம். 1927 இல் அமெரிக்காவில் படம் பேசத் தொடங்கியது. 1931 அக்டோபர் 31 இல் காளிதாஸ் சென்னையில் வெளியாகித் தமிழும் திரையில் ஒலித்தது. இது கொட்டகைக்காரர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். உண்மையில் அது பேரிடி. பேசும் படம் காட்டப் புதிய கருவி வாங்க வேண்டும். பழைய கருவியும் பழைய சுருளும் ஒரே நாளில் பழைய இரும்பாகிவிட்டன. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவருக்கும், கொட்டு முழக்கியவருக்கும் வேலை போயிற்று. ஊருக்கு ஊர் சொந்தமாக இருந்த ஊமைப்படம் போய், தமிழ்ப் படம் தமிழர்க்கு, தெலுங்குப் படம் தெலுங்கர்க்கு என்று பிரிந்தது.

ஐம்பது வயதை எட்டிக் கொண்டிருந்த வின்சென்ட், இருபத்திரண்டு வயதில் செய்ததையே மறுபடி செய்தார். புதிய தொழிலில் இறங்கினார். பேசும் படத்தைக் காட்டுவதோடு நில்லாமல் எடுக்கவும் துணிந்தார். அப்போது பேசும் படம் எடுக்கும் ஸ்டூடியோ தென்னாட்டில் ஒன்றுகூட இல்லை. சென்னையில் அது வந்தது 1934 இல்தான். ஆகவே நடிகர் பட்டாளத்தையே கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே பயனியர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து வள்ளி திருமணம் படத்தை எடுத்தார். காளிதாஸில் நடித்த டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். இவரே பின்னர் 1936 இல் மிஸ் கமலா என்னும் படத்தை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனவர். வள்ளி திருமணம் 1933 இல் வெளியாகிப் பெரும் வெற்றி கண்டது. முருகன் வள்ளி கதை தெரியாத தமிழர் உண்டா? தெரிந்த கதையைத்தான் மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

பின்னர் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ தொடங்கப்பட்டபோது அதற்குக் காரணமாயிருந்த கோவைப் பெருமக்களில் வின்சென்டும் ஒருவர். கல்கத்தாவுக்குப் போய்ப் படம் எடுத்த காலம் போய், கோவைக்கு வந்து படம் எடுக்கும் காலம் வந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான ராஜகுமாரி 1947 இல் இங்கே உருவானதுதான். ஆனால் அதைப் பார்க்க வின்சென்ட் இல்லை. 1942 ஏப்ரல் 22 ஆம் நாள், தம் 59 ஆம் பிறந்தநாள் கழிந்த நான்காம் நாளில், அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் காட்டிய ஊமைப் படங்கள் என்னவாயின என்று தேடியபோது எங்களுக்குக் கிடைத்த விடை வருத்தமானது. அமெரிக்காவில் ஏறக்குறைய 11,000 முழுநீள ஊமைப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை நூற்றுக்குப் 14 தான் என்று அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2013 இல் கணக்கெடுத்துச் சொன்னது. யூனிவர்சல் நிறுவனம் தன்னிடமிருந்த ஊமைப் படங்களில் பெரும்பகுதியை 1948 இல் தானே அழித்துவிட்டது. இனி யார் பார்க்கப் போகிறார்கள், வைக்க இடம் எதற்கு என்று நினைத்தார்கள் போலும். நம் பக்கத்திலும் அதே கதிதான். கீசக வதத்தின் ஓர் அங்குலச் சுருள் கூட இன்று இல்லை. தென்னிந்திய ஊமைப் படங்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்திருப்பது நாகர்கோவில் சுந்தரராஜ் எடுத்த மார்த்தாண்ட வர்மா. அதுவும் ஒரு பதிப்பகத்தோடு ஏற்பட்ட வழக்கில் பறிமுதலாகிப் புத்தகக் கிடங்கில் பூட்டிக் கிடந்ததால் தப்பியது. வெற்றிகரமாக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். அதை இயக்கிய பி. வி. ராவ் அவர்களே வின்சென்டின் வள்ளி திருமணத்தையும் இயக்கியவர்.

சென்ற காலாண்டு விடுமுறையில் எங்களில் நால்வர், ஒருத்தியின் தந்தையார் துணையோடு, வெரைட்டி ஹாலைப் பார்க்கக் கோவைக்குச் சென்றோம். வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி, பிறகு படம் ஓடாமல் நின்றுவிட்டது. சாலை இருக்கிறது. அதன் பெயர் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு. கடைகளின் பெயர்ப் பலகைகளில் எல்லாம் அந்தப் பெயர் இருக்கிறது. ஏன் இந்தப் பெயர் என்று ஒரு கடையில் கேட்டோம். அவர் பக்கத்துக் கடையில் கேட்கச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் ஏதோ பழைய கல்யாண மண்டபம் இருந்திருக்கும் என்றார். டீ குடித்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் மட்டும் டிலைட்டில் தாம் பார்த்த படங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். வின்சென்ட் பெயரைச் சொன்னதும் அவருக்கு அது தெரியவில்லை. நாங்கள் பெஷாவர் கதையையும் 25 ரூபாய்ச் சம்பளக் கதையையும் சொன்னோம். டீ ஆறிப் போகும் வரை கேட்டுக் கொண்டிருந்தார். கடைக்காரரும் வெளியே வந்து நின்று கேட்டார்.

திரும்பும் வழியில் காவல் நிலையம் ஒன்றைப் பார்த்தோம். அதற்கும் வெரைட்டி ஹால் ரோடு காவல் நிலையம் என்றுதான் பெயர். ஒரு படக்கொட்டகையின் பெயரைச் சுமந்து நிற்கும் காவல் நிலையம் வேறெங்கும் உண்டா என்று பஸ்ஸில் சிங்காநல்லூர் வரும் வரை பேசிக் கொண்டே வந்தோம். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்த இடம் எந்தப் பக்கம் என்று கண்டக்டரிடம் கேட்டோம். அவர் டிக்கெட் கிழித்துக் கொண்டே, இறங்குவதானால் சீக்கிரம் இறங்கச் சொன்னார். நாங்கள் சூலூருக்கு டிக்கெட் எடுத்திருந்தோம்.

பத்தாம் வகுப்பு மாணவியர்,
சூலூர்.